கழுகு இறங்கவில்லை

கம்பிக் கட்டு பாதி வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு அடிவயிற்றில் அந்த முறுக்கல் வந்தது. வலி அவனுக்குப் பழகியதுதான். எங்கே தொடங்கும், எப்படி இடுப்பைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. வழக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். இன்றைக்கு அப்படித் தாண்டுகிற வலியாகத் தெரியவில்லை.

கிரேன் கேபினில் ஒற்றை நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு லீவர், காலடியில் கண்ணாடித் தரை. கீழே பார்த்தால் மனிதர்கள் விரல் உயரப் பொம்மைகள் போலத் தெரிவார்கள். அங்கிருந்து ஏணியில் இறங்கி முடிக்க அரை மணி நேரம். இறங்கினால் கேட்டுக்குப் பின்னால் இருக்கிற கக்கூஸ்வரை ஓட வேண்டும். காலையில் ஏறினால் சாயங்காலம் வரைக்கும் மேலேயேதான் இருப்பான் என்பதால் சைட்டில் எல்லோரும் அவனைக் கழுகு என்றார்கள். அவன் இறங்காததற்கு வேறு காரணம் இருந்தது. ஒரு தடவை இறங்கினால் பத்துத் தடவை இறங்க வேண்டியிருக்கும். அதனால் வேலை நாட்களில் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். இன்றைக்கு மனைவி தட்டை நீட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றதால் நாலு வாய் சாப்பிட்டிருந்தான்.

"கழுகண்ணே, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்..." வாக்கி-டாக்கியில், கீழிருந்து வழி சொல்லும் சிக்னல்காரனின் குரல். "அப்படித்தான். மெதுவா, மெதுவா..."

கம்பிக் கட்டுக்கு நேர் கீழே, மாடித் தளத்தில், கம்பி கட்டுகிறவர்கள் கையை உயர்த்திக் காத்திருந்தார்கள். லீவரை விட்டுவிட்டு எழுந்தால் அவ்வளவு இரும்பும் காற்றில் ஊசலாடும். அவர்களில் யார் மண்டையில் இடிக்கும் என்று சொல்ல முடியாது. அவன் எழவில்லை. தொடைகளை நெருக்கிக்கொண்டான். காதோரம் வியர்வை வழிந்தது. கை மட்டும் அசையாமல் இருந்தது.

பிறகு உடம்பு அவன் சொல்வதைக் கேட்கவில்லை.

சூடாக, அடக்க வழியே இல்லாமல், எல்லாம் போயிற்று. அவன் கண்ணை மூடக்கூட இல்லை. லீவரை நூல் பிடித்த மாதிரி தள்ளிக்கொண்டே இருந்தான். கம்பிக் கட்டு தளத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"அருமை அண்ணே!" என்றான் சிக்னல்காரன். "பூ வெச்ச மாதிரி வெச்சுட்டீங்க. கொக்கியை விடுங்க, அடுத்த லோடு."

கழுகு லீவரைத் தொடவில்லை. குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. நாற்காலியின் விளிம்பிலிருந்து கண்ணாடித் தரைக்குச் சொட்டியது. அதில் ரத்தமும் இருந்தது.

"அண்ணே? கேக்குதா?"

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றான். குரல் யாருடையதோ போல இருந்தது.

சொன்ன பொய் அவனுக்கே வினையாகிவிட்டது. மெக்கானிக் வெளியே போயிருந்தான். பக்கத்துக் கட்டடத்தின் உச்சித் தளத்தில் வேலையாக இருந்த வெல்டரை, போய் என்னவென்று பார் என்று மேஸ்திரி அனுப்பிவிட்டார். இரும்பு ஏணியில் பூட்ஸ் சத்தம் நெருங்கி வருவதைக் கேட்டபோது, இந்தக் கண்ணாடி உடைந்து அப்படியே கீழே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று கழுகுக்குத் தோன்றியது.

வெல்டர் கதவைத் திறந்தார். ஒரு நொடி நின்றார். கழுகு ஹெல்மெட்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"போயிடுங்கண்ணே. உங்க கால்ல விழறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வெல்டர் மூக்கைப் பொத்தவில்லை, திரும்பவும் இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும் தோல் ஏப்ரனை அவிழ்த்து ஓரமாக வைத்தார்.

"ஹெல்மெட்ட எடு தம்பி. இங்க பாரு."

சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்குப் பக்கத்தில் பசை வட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. அதிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பை தொங்கியது. முதலில் ஏதோ அடிபட்ட கட்டு என்றுதான் கழுகு நினைத்தான். பைக்குள் இருப்பது என்னவென்று புரிந்ததும் நிமிர்ந்து வெல்டரின் முகத்தைப் பார்த்தான்.

"என்னண்ணே இது?"

"என் கக்கூஸ். இடுப்புலயே கட்டிக்கிட்டு அலையறேன்." வெல்டர் சட்டையை இறக்கிவிட்டார். "குடல்ல புத்து வந்துச்சு. வெட்டி எடுத்து, கீழ அடைச்சு, மேல வாசல் வெச்சுட்டாங்க. வருஷம் ஆறாச்சு. வாஸ்து சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

கழுகு சிரிக்கவில்லை. இந்த மனிதரோடு எத்தனை நாள் ஒரே பலகையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான்! எத்தனை கேலி, எத்தனை சண்டை! ஒரு நாள்கூட அந்தத் தோல் ஏப்ரனுக்குப் பின்னால் ஒன்று இருக்கும் என்று நினைத்ததில்லை.

வெல்டர் வாக்கியை எடுத்தார். "மேஸ்திரி, வயர் ஒண்ணு விட்டிருக்கு. சாமான் எடுத்துட்டு வரணும். நேரமாகும்." பிறகு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது தோளில் மாட்டியிருந்த டூல் பையில் தண்ணீர் கேன், பழந்துணி, சோப்பு, அவருடைய மாற்று பேன்ட் எல்லாம் இருந்தன. கழுகு கழுவி முடிக்கும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தன் மகளுக்கு வந்திருக்கும் வரன்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழுகை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். டீச்சரம்மா ஒருவரின் வீடு. வட்டமாக நாற்காலிகள். எல்லோருமே குடல் நோய்க்காரர்கள். இருவருக்கு வெல்டரைப் போலப் பை. மாசத்துக்கு ஒரு தடவை கூடுவார்களாம்.

"வாங்க சார்" என்றார் ஒரு டாக்சிக்காரர். "முதல்ல பாத்ரூம் எங்கன்னு தெரிஞ்சுக்கங்க. வலது பக்கம் ரெண்டாவது கதவு. இந்த ஊர்ல எந்தத் தெருவுல எந்தக் கக்கூஸ் திறந்திருக்கும்னு எனக்கு மனப்பாடம். அதுக்குத் தகுந்த மாதிரிதான் சவாரியே எடுப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கழுகு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாத வார்த்தைகளை இவர்கள் பிஸ்கட் தின்றுகொண்டே பேசினார்கள்.

"உங்களுக்கு ரத்தம் போகுதா?" என்று டீச்சரம்மா கேட்டார். மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"போகுதுங்க."

"எவ்வளவு நாளா?"

"நாலஞ்சு வருஷமா இருக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்சிக்காரர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தார். "நாளைக்குக் காலையில உங்க வீட்டு வாசல்ல வண்டி நிக்கும். ஏறிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. மறுபேச்சு கிடையாது" என்றார்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், படத்தைக் காட்டினார். சிவந்து, தோலுரிந்து, எங்கு பார்த்தாலும் புண். "இன்னும் புத்துநோய் ஆகலை. ஆகறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க, அவ்வளவுதான். மருந்து ஒழுங்கா எடுக்கணும். பட்டினி கிடக்கக் கூடாது. வந்தா அடக்கக் கூடாது. கேக்கலைன்னா குடலை எடுக்க வேண்டியிருக்கும்."

அன்றைக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"என் சமையல் பிடிக்கலைன்னு நெனச்சேன்" என்றாள். "என்னையே பிடிக்காம போச்சுன்னு நெனச்சேன். இத்தனை வருஷமா..."

மருந்து கொஞ்சம் கேட்டது. ஆனால் அடக்கக் கூடாது என்றால் இறங்க வேண்டும். கட்டடத்தின் நடு மாடியில் ஒரு கக்கூஸ் வைத்தால், கிரேனிலிருந்து பலகை வழியாகக் கட்டடத்துக்குத் தாண்டி அங்கே போய்விடலாம். கேட்க வேண்டும். கேட்கிற தைரியம்தான் கழுகுக்கு வரவில்லை.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்து சைட் இன்ஜினியர் பேசுவது வழக்கம். அவர் முடித்ததும் வெல்டர் கையைத் தூக்கினார்.

"சார், நடு மாடியில ஒரு கக்கூஸ் வேணும். மேல வேலை செய்யறவங்க கீழ வந்து போறதுக்குள்ள உயிர் போயிடுது."

இன்ஜினியர் சிரித்தார். "யாருக்குய்யா அவ்வளவு அவசரம்? ஆளைக் காட்டு, பார்ப்போம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கழுகின் காது சூடேறியது. வாயைத் திறந்தான். வெல்டர் அவனைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார்.

"எனக்குத்தான் சார்" என்று சொல்லிச் சட்டையைத் தூக்கினார்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. முன்வரிசையில் நின்ற இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். டீ வாங்கி வருகிற பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா மேல ஏறினே?" இன்ஜினியரின் முகம் வெளிறியிருந்தது.

"ஏறினேன் சார். நான் வெச்ச வெல்டிங் ஏதாவது ஒண்ணு விட்டிருக்கா?"

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "யோசிக்கறோம். எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார்.

அன்று மத்தியானம் வெல்டர் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. கழுகு மட்டும் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை, கழுகு வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் ஏறிவிட்டான். கேபினிலிருந்து பார்த்தபோது கேட்டருகில் சின்னக் கூட்டம் தெரிந்தது. வெல்டரைக் காவலாளி உள்ளே விடவில்லை. அவருடைய பெட்டியிலிருந்த சாமான்களை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கினார்கள். தோல் ஏப்ரனைக் காவலாளி குச்சியால் தூக்கிக் குப்பை டிரம்மில் போட்டான்.

கழுகு வாக்கியை எடுத்தான். "வெல்டரண்ணனை ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"உடம்பு தகுதி இல்லையாம்ணே" என்றான் சிக்னல்காரன் மெல்ல. "மேலிடத்து உத்தரவு."

வாக்கியில் பேசுவதை சைட் முழுக்கக் கேட்க வைக்கிற பொத்தான் சிவப்பாக இருக்கும். கழுகு அதை அழுத்தினான்.

"எனக்கும் குடல் நோய்தான். ரத்தம் போகுது. கக்கூஸ் கேட்டது எனக்காக. கேக்குதா?"

வாக்கி கரகரத்தது. மாடிகளில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து கேபினைப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் கேக்குதுண்ணே" என்றான் சிக்னல்காரன் கடைசியில். "சாயங்காலம் இறங்கினதும் ஆபீசுக்கு வரச் சொல்றாங்க. இப்போ... கொக்கியை இறக்குங்க. லாரி வந்து நிக்குது."

கொக்கி இறங்கியது. நாலு பேர் சங்கிலி மாட்டினார்கள். தூக்கியபோது கனமே இல்லை. வெள்ளையாக, வழவழப்பாக, நீலக் கதவு வைத்த ஒரு பெட்டி.

"என்னது இது?"

"கக்கூஸ்ணே. புதுசு."

கழுகின் கை லீவரில் நின்றது. "நடு மாடிக்கா?"

"இல்லைண்ணே. உச்சிக்கு. வீடு வாங்கறவங்க நாளைக்குப் பார்க்க வர்றாங்களாம், அவங்களுக்கு. நம்ம ஆளுங்க யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டியே அனுப்பியிருக்காங்க."

பெட்டி ஒவ்வொரு மாடியாகத் தாண்டி மேலே வந்தது. நடு மாடியைத் தாண்டியது. கேபினுக்கு நேராக வந்தபோது காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, கதவை அவன் பக்கம் காட்டியது. தாழ்ப்பாளில் தொங்கிய பித்தளைப் பூட்டு வெயிலில் மின்னியபடி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.