தண்ணி வராத ஹாஸ்டல்

சுகப்பிரியாவின் ரேங்க் 341. என்னுடையது 346. நடுவில் நாலே பேர். அந்த நாலு பேர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்கள் யாரென்றே தெரியாது. சுகப்பிரியாவைத் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், பெயின்ட் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டில் இருவரும் டிரெய்னி. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு முதலில் வந்தவள் நான். எட்டு மாதம் கழித்து, சங்கரன்கோவிலிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தாள் அவள். எந்தத் தொட்டியில் எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும், தண்ணீரை எப்படிச் சோதிக்க வேண்டும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். மூன்றே மாதத்தில் சூப்பர்வைசர் கன்னியப்பன், "மதி, நீ எழுதற ரீடிங்க சுகாகிட்ட ஒருவாட்டி காட்டிட்டு குடும்மா" என்றார். அன்று கேன்டீனில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கம்பெனி ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் சுகப்பிரியா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருவாள். மீன் குழம்பில் நடுத்துண்டு அவள் தட்டுக்குப் போகும். "பாவம், வூட்ட வுட்டுட்டு எம்மாந்தூரத்துலேர்ந்து வந்துகீது" என்பாள் அம்மா. எனக்கு வால். பெற்ற பெண்தானே, எங்கே போய்விடப் போகிறேன்.

மேலே படிக்கும் ஆசையும் முதலில் எனக்குத்தான் வந்தது. ஒருநாள் எங்கள் பிளான்ட்டைச் சோதிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கன்னியப்பனே எழுந்து கைகட்டி நின்றார். அந்த மேடம் படித்தது என்விரான்மென்டல் இன்ஜினியரிங் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், படித்தால் அது, அங்கே. கல்லூரியைச் சொல்லாவிட்டாலும், அந்தப் படிப்பைப் பற்றிச் சுகப்பிரியாவிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு. அடுத்த வாரமே அவளும் விண்ணப்பித்துவிட்டாள்.

டிப்ளமோ முடித்தவர்கள் நேரே இரண்டாம் வருடத்தில் சேர்வதற்கான கவுன்சிலிங் அது. பிடித்த கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ரேங்க் முறைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். எது காலியோ அதைக் கொடுத்துவிடும். எங்கள் சுற்று வந்தபோது, நான் கேட்ட சென்னைக் கல்லூரியில் எங்கள் இருவரின் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்று மிச்சம். தண்டலம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நாலு. நடுவில் இருந்த நாலு பேரும் கம்ப்யூட்டர் படிப்புக்குப் போய்விடுவார்கள், இந்தக் கழிவுநீர்ப் படிப்பு யாருக்கு வேண்டும். அவள் ஒருத்திதான் குறுக்கே.

அப்பாவிடம் யோசனை கேட்டேன். "கம்பெனி பஸ் எந்த காலேஜ் வாசல்ல நிக்குதோ அத்த மொதல்ல போடு" என்றார் அவர். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கம்பெனி பஸ்தான் கணக்கு, வாடகை வீடு பார்ப்பதும் அப்படித்தான், மாப்பிள்ளை பார்ப்பதும் அப்படித்தான். சிரித்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு காலை ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் இருவரும் உட்கார்ந்தோம். சுகப்பிரியா என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, எனக்கு இந்தப் பக்கத்துக் காலேஜ் எதுவும் தெரியாது. நீங்கதான் சொல்லணும். சென்னையா, தண்டலமா, எதை முதல்ல போட?"

பொய் எனக்குத் தயாராக இருந்தது. முந்தின நாளே பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தேன்.

"தண்டலம் போடு. சென்னைல ஹாஸ்டல் ரொம்ப மோசம்பா. தண்ணியே வராது. பொண்ணுங்க எல்லாம் குடத்த தூக்கினு ரோட்டுக்கு வர்றாங்களாம். எனக்குன்னா வூட்லேர்ந்து போய்ட்டு வந்துடுவேன். நீ இன்னா பண்ணுவ?"

"சரிக்கா" என்றாள். பிறகு தண்டலத்தை முதலாவதாகவும் சென்னையை இரண்டாவதாகவும் போட்டு, என் கண் முன்னாலேயே பட்டியலைப் பூட்டினாள். நான் சென்னையை முதலில் போட்டுப் பூட்டினேன். சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. எனக்குச் சென்னை. அவளுக்குத் தண்டலம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தவள், அடுத்த மூச்சிலேயே, "சுகாவுக்கு இன்னா கெடச்சுது?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஷிஃப்டில், தொட்டியின் ஓரமாகச் சுகப்பிரியா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"உனக்கும் சென்னைலயே கெடச்சிருக்கலாம் சுகா. இன்னா பண்றது, அந்த ஹாஸ்டல் அப்பிடி."

"ஹாஸ்டலுக்கு என்னக்கா? எங்க ஊர் தங்கமாரி அக்கா ரெண்டு வருசமா அங்கனதான இருக்காக. தண்ணிக்கு ஒரு கொறையும் இல்லன்னு அவுக எப்பவோ சொல்லிட்டாக."

மோட்டார் ஓடுகிற சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்காதது மாதிரி நின்றேன். நன்றாகவே கேட்டது.

"பின்ன எதுக்குடி என்னாண்ட கேட்ட?"

"ஒங்களுக்கு எது வேணும்னு தெரிஞ்சிக்கத்தான்." பாட்டிலை மூடியபடி சாதாரணமாகச் சொன்னாள். "நேராக் கேட்டா சொல்ல மாட்டீங்க. எது மேல ஆசையோ அதைத்தான் நீங்க கொறை சொல்லுவீங்க. ஒரு வருசமாப் பாக்கேன்லா."

"அப்ப உனக்கு அது வேணாமா?"

அவள் பாட்டிலில் தேதியை எழுதினாள், நேரத்தை எழுதினாள்.

"வேணும்தான். ஆனா இப்பிடி ஒரு படிப்பு இருக்குன்னே நீங்க சொல்லித்தானக்கா எனக்குத் தெரியும்."

அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அவள் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. மார்க்கில் என்னை முந்தினாள், வேலையில் முந்தினாள், என் அம்மாவிடமும் முந்தினாள். கடைசியில் விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

கிடைத்த இடத்தை உறுதி செய்ய அன்று மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. நான் வேண்டாம் என்றாலும் அந்த இடம் இனி அவளுக்குப் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே போகாதா என்று யாரிடமும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்லை எடுத்து, உறுதி என்ற இடத்தில் அழுத்தினேன். அதற்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளாக இருந்தால் ஐந்து மணி வரை யோசித்திருப்பாள்.