திரும்பிப் பார்த்த அல்லி

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எங்கள் ஊர்ச் சிற்றேரியான தாங்கலின் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிச் சத்தியம் செய்யவும் தயார். அப்புறம் சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில், தாண்டவராயன் தன் நெல் வயலுக்குக் களைக்கொல்லி அடித்தார். டப்பாவில் போட்டிருந்த அளவு போதாதென்று கூட ரெண்டு மூடி ஊற்றிக்கொண்டார். மத்தியானம் மழை கொட்டியது. பயிர் மூழ்கிவிடப் போகிறதே என்று வரப்பை வெட்டிவிட்டார். வயல் தண்ணீர் முழுக்க ஓடிப்போய்த் தாங்கலில் விழுந்தது. நல்லவேளை, ஒருவரும் பார்க்கவில்லை.

அல்லி பார்த்தது.

சில நாளில் அல்லித் தண்டெல்லாம் பாம்புபோல் முறுக்கிக்கொண்டது. இலைகள் கிண்ணமாய்ச் சுருண்டன. வானத்தைப் பார்க்க வேண்டிய பூக்கள் தாண்டவராயன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டன. அவர் கரையில் கிழக்கே நடந்தால் அவையும் கிழக்கே திரும்பின. தலையில் துண்டைப் போட்டு முக்காடிட்டு நடந்து பார்த்தார். பூக்கள் ஏமாறவில்லை. உத்திரமேரூருக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், பஸ் வருமுன்பே சாலையைப் பார்த்துக் காத்திருந்தன.

கரையில் வலையோடு உட்கார்ந்திருந்த இருசப்பன் கேட்டான்:

"இன்னாண்ணா, பூவெல்லாம் உன்னியே மொறைச்சிக்கினு கீது? அதுங்களாண்ட இன்னா வம்பு பண்ண?"

"காத்துடா."

"காத்தே இல்லியே."

"நீ வலைய பாரு."

"அதுல இன்னா கீது பாக்க? பாசியெல்லாம் அயுகிப் பூட்ச்சி. மீனுங்க மேல வந்து வாயத் தொறந்துக்கினு கீது."

சொல்லிவிடலாமா என்று தாண்டவராயனுக்கு வாய்வரை வந்தது. ஊரே காறித் துப்புமே என்று விழுங்கிவிட்டார்.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கல்பனா ஆசைப்பட்டாள் என்று மனைவி பாஞ்சாலி கீரைப் பொரியல் செய்திருந்தாள்.

"ஏது கீர?"

"தாங்கல்ல படர்ற வள்ளக்கீரதான். இந்த வாட்டி தண்டு ஒருமாதிரி முறுக்கிக்கினு கீது. வெந்தா சரியாப் பூடும்."

கல்பனா ஒரு பிடி பிசைந்து எடுத்தாள். அவள் விரலிடுக்கில் இருந்த கீரைத் தண்டு ஒன்று மெல்ல நெளிந்து, தாண்டவராயன் பக்கம் தலையைத் திருப்பியது. மகளின் கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"துன்னாதம்மா." தட்டைத் தட்டிவிட்டார். சோறு சுவர்வரை தெறித்தது.

"இன்னா நைனா?"

"அந்தத் தண்ணில மருந்து கீது. மருந்தடிச்ச வயலு தண்ணிய நான்தான் வெட்டிவுட்டேன்."

பாஞ்சாலி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பயம் குறைந்திருக்கும். மகளின் கையைக் கழுவிவிட்டுத் திரும்பினாள்.

"மருந்துக்கு எது களை, எது கீரைன்னு தெரியாது. தண்ணிக்கும் எது உன் வயலு, எது ஊரு தாங்கலுன்னு தெரியாது. தெரிய வேண்டியவன் மனுசன்தான். அவனுக்கும் தெரியலன்னா, பொறக்கப் போற புள்ள இன்னாத்த துன்னும்?"

அன்று மாலையே தாண்டவராயன் வீடு வீடாகப் போய், தாங்கல் கீரையைப் பறிக்காதீர்கள், மாட்டை இறக்காதீர்கள் என்று எச்சரித்து, குற்றத்தையும் தன் வாயாலேயே சொன்னார். காறித் துப்பியவர்களும் உண்டு. துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இப்போதெல்லாம் களையைக் கையால்தான் பிடுங்குகிறார். பூக்களும் மனமிரங்கி வானத்தைப் பார்க்கத் தொடங்கின.

அத்தனையும் சத்தியம். ஒன்றே ஒன்று: மருந்துத் தண்ணீர் விழுந்து விழுந்து, அந்தத் தாங்கலில் அல்லியோ கீரையோ முளைத்துப் பல வருடம் ஆகிறது.