இரண்டு பட்டைகளில் ஒரு செடி

குளியலறை ஜன்னலில் இரண்டு மரப்பட்டைகள் ஒட்டினாற்போல் தொங்கின. ஒன்று மூத்த மருமகளுடையது. மற்றது அவளுடைய ஓரகத்தியுடையது. மழைக்காட்டு மரங்களில் பாசியோடு பாசியாக ஊர்ந்து போகும் குட்டி ஆர்க்கிட்டை ஆளுக்கொன்றாகக் கட்டி வைத்தார்கள். துவரம்பருப்பு அளவு இலை, தையல் நூல் பருமனில் தண்டு. இளையவள் ஆசை ஆசையாய்த் தண்ணீர் தெளித்தே தன் செடியை ஒரே மாதத்தில் அழுக வைத்தாள். மூத்தவளுடையது மூன்று வருடத்தில் மெல்ல ஊர்ந்து, காலியாய்க் கிடந்த பட்டையிலும் வேர் பிடித்து, போன வாரம் அங்கே கடுகளவில் முதல் பூ விட்டது.

"உங்க வீட்டுல சாப்பிட்டுட்டு எங்க வீட்டுல பூக்குது பாருங்கக்கா!" என்று இளையவள் குதித்தாள்.

இன்று அவள் தனிக்குடித்தனம் போகிறாள். சண்டையில்லை, சச்சரவில்லை, இடம் போதவில்லை, அவ்வளவுதான். அடிக்கடி வா என்று சொல்ல மூத்தவளுக்கு வாய் வரவில்லை. சொல்லி, அவள் மரியாதைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போனால்? அதைத் தாங்க முடியாது.

"என் பங்கை வெட்டிக் குடுத்துடுங்கக்கா. நான் கை வச்சா விளங்காது."

மூத்தவள் பிளேடோடு உள்ளே போனாள். தண்டின்மேல் வைத்தாள். அழுத்தக் கை மறுத்தது. வெளியே வந்தாள்.

"வெட்டிட்டேன். ஆனா இப்ப எடுக்கக் கூடாது."

"ஏனாம்?"

"வெட்டினதும் இருந்த இடத்துலயே விட்டுடணும். ரெண்டு பக்கமும் தனித்தனியா துளிர் விட்டாத்தான் பிரிக்கலாம். மூணு மாசமாகும். ஞாயித்துக்கிழமையானா நீயே வந்து தண்ணி தெளி. உன் செடிக்கெல்லாம் நான் வேலை பார்க்க மாட்டேன்."

"ஐயோ, என்ன ஒரு பெரிய மனசு!"

சொல்லிக்கொண்டே இளையவள் அலமாரியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மூத்தவள் சொன்ன முறை என்னவோ உண்மைதான். வெட்டியதாகச் சொன்னதுதான் பொய். பச்சை நூல் ஒரு கீறலும் இல்லாமல் இந்தப் பட்டையிலிருந்து அந்தப் பட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இளையவள் வெகுநேரம் குனிந்திருந்தாள். அவள் மூச்சுக்காற்றில் பூ நடுங்கியது.

"சுத்தமா வெட்டியிருக்கீங்கக்கா" என்றாள் திரும்பாமல். "மூணு மாசம் போதுமா?"

"எங்கடி போதும்?" என்றாள் மூத்தவள். "சிலது வருஷக்கணக்காகும்."