பத்திரத்தில் இரண்டு பேர்

அந்தத் தெருவில் சொந்த வீடு வாங்கியவர்கள் எவரும் பத்தாவது ஆண்டுக்குப் பிறகு தெருமுனையைத் தாண்டியதில்லை. முதல் ஆண்டில் ஒரு பகல் பயணத் தொலைவுவரை போக முடியும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு அது குறுகிக்கொண்டே வரும். எல்லை வந்ததும் கால் தானாகத் திரும்பிவிடும், வண்டியில் போனால் வண்டி நின்றுவிடும். வலியோ மயக்கமோ கிடையாது. கடைக்குப் புறப்பட்டவர் தம் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான். வாடகைக்கு இருந்தவர்களை இது தொடவில்லை. அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்தார்கள், இருந்தார்கள், நினைத்த நாளில் நினைத்த ஊருக்குப் போனார்கள்.

தொலைதூரப் பேருந்து ஓட்டுநர் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அங்கே வீடு பார்க்கப் போனார். திருமணமான இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏழு வாடகை வீடுகள் மாறியவர் அவர். கடைசி வீட்டுக்காரர் தம் மகனுக்கு இடம் வேண்டுமென்று ஒரு மழை நாளில் இவர்கள் சாமான்களை வாசலில் இறக்கிவைத்தார். மனைவியின் புடவைகள் நனைவதை எதிர்வீட்டார் மாடியில் நின்று பார்த்தார்கள். இனி வாடகை என்ற சொல்லைத் தம் வாசற்படிக்குள் விடுவதில்லை என்று ஓட்டுநர் அன்றைக்குச் சபதம் எடுத்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை.

அங்கே ஒரு வீட்டை வைத்திருந்தவர் செத்துப்போய், வெளியூரிலிருந்த வாரிசுகள் தரகரிடம் சாவியைக் கொடுத்திருந்தார்கள். தரகர் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "வாடகைக்குன்னா ஒரு தொல்லையும் இல்லைங்க. வாங்கினா விஷயம் உங்களுக்கே தெரியும். அதனாலதான் பாதி விலை" என்றார். முப்பது ஆண்டு ஓடிய ஓட்டத்துக்கு இனி உட்கார்ந்தாலும் கணக்குச் சரியாகிவிடும் என்று ஓட்டுநர் பதில் சொன்னார். மனைவி மட்டும் கதவோரமாக நின்று, "என் பேரைச் சேர்க்காதீங்க. நாளைக்குக் காய்கறி வாங்க வீட்ல ஒரு ஆளாவது வெளியே போகணும்" என்றாள்.

பதிவு அலுவலகத்துக்கு மனைவியின் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். சொந்த வீடும் அதற்குத் தகுந்த வாயும் உள்ளவர். பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் கேட்கிற மாதிரி, "என்ன மாப்பிள்ளை, ஒரே பேரா இருக்கு? பெத்த பொண்ணுக்கு ஒண்ணும் கிடையாதா? வாடகை வீட்டுப் புத்தி போகலையே" என்றார். ஓட்டுநருக்குக் காது மடல் சிவந்தது. மகளின் பேரையும் எழுதச் சொன்னார். ஒரு வண்டிக்குப் பொறுப்பு ஓட்டுநர்தான், ஏறியிருப்பவர்கள் வெறும் பயணிகள் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த நியாயம். முதலில் எழுதிய பேரைத்தான் வீடு பிடித்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். எழுத்தர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். கேட்டால் சொல்லியிருப்பார். ஓட்டுநர் கேட்கவில்லை.

மகள் செவிலியர் படிப்பு முடித்தவள். மூன்று நாள் ரயில் பயணத் தொலைவிலிருந்த ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. குடிபுகுந்த இரண்டாம் மாதம் ரயிலேறினாள். முதல் நாள் பொழுது சாயும்போது ரயில் ஒரு வெட்டவெளியில் நின்றது. அவள் இறங்கியதும் கிளம்பிப் போய்விட்டது. கையில் பெட்டியோடு தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து, வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறி நான்காம் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "அப்பா, வித்துடுங்க. பதிவு ஆபீஸ் இன்னும் நமக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு" என்றாள்.

அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்கின வீட்டை வருஷம் திரும்பறதுக்குள்ள வித்தவன்னு உன் மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிவான்" என்றார்.

"மாமா சொல்றதைக் கேட்டுத்தானே என் பேரைப் போட்டீங்க."

வீட்டை அவர் விற்கவில்லை. மருத்துவமனையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, பிறகு வரவில்லை. மூன்றாம் ஆண்டு ஓட்டுநரின் பேருந்து, பயணிகளோடு, ஒரு பாலத்தின் நடுவில் நின்றது. அவர் இறங்கிக்கொண்டார். வேறொருவர் ஏறி ஓட்டிப் போனார். அதே ஆண்டில் அவர் மனைவியின் கால் அடுத்த ஊர்ச் சந்தை வாசலில் திரும்பியது. விசாரித்ததில், வாடகை கொடுக்காமல் தங்கிவிட்டவர்களையும் வீடு தன் ஆளாகவே எண்ணிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர் திண்ணமாகச் சொன்னார். சொன்னவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னார், வீடு வாங்கி வெகுகாலம் ஆன அவருக்கு அதற்குமேல் வர முடியாது. ஐந்தாம் ஆண்டு, மகள் சன்னலோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியாமல், ஓட்டுநர் சட்டைப்பையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டை விற்கப் புறப்பட்டார். பதிவு அலுவலகத்தின் படிகள் கண்ணுக்குத் தெரிந்தன. பதினைந்து அடி தூரம்தான் இருந்தது. அந்த இடத்தில் நான்கு முறை திரும்பி, நான்கு முறையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஒன்பதாம் ஆண்டு ஒரு மருந்துக் கடைக்காரர் மகளைக் கட்டிக்கொள்ள முன்வந்தார். சன்னல் வழியாக அவள் தெருவாருக்கு ஊசி போட்டுவந்தாள். அதற்கு மருந்து கொண்டுவந்து கொடுத்துப் பழகியவர் அவர். வீட்டோடு இருக்கச் சம்மதம் என்று அவர் சொன்னபோது மகள் குறுக்கிட்டு, "வீட்டோட வேண்டாம். வாடகைக்கு வாங்க" என்றாள். வாடகை என்ற சொல்லைத் தம் வாசற்படிக்குள் விடமாட்டேன் என்று சபதம் எடுத்த மனிதர்தான் ஒப்பந்தத்தைத் தம் கையால் எழுதினார். மாதம் பிறந்ததும் மருமகன் மாமனார் எதிரில் நின்று வாடகையைக் கொடுப்பார். ஓட்டுநர் உட்கார்ந்தபடியே, நிமிர்ந்த முதுகோடு, ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வாங்கிக்கொள்வார். ஒருமுறை மருமகன் மறதியாக மூன்று நாள் தாமதித்தபோது, அறைக்கு வெளியே நின்று அதட்டிக் கேட்டார். அந்த மூன்று நாளும் அவர் சாப்பிடவில்லை என்பது மருமகனுக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு, வாசல் திண்ணையில் கட்டிய மறைப்புக்குள் பேத்தி பிறந்தாள். மருத்துவச்சி குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்ததும், பால் கொடுப்பதற்கு முன்பு, மகள் கையை நீட்டி அப்பாவிடம் வாடகைத் தாளைக் கேட்டாள். ஓட்டுநர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். குழந்தையின் உள்ளங்காலில் மை தடவி, குடியிருப்பவர் என்ற இடத்தில் பதித்தார்கள். அது மூன்று அங்குல நீளம் இருந்தது. மை காயும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள்.