சூடு ஆறிய பட்டை

இல்க்வார்ஸுக்குப் பதற்றம் வந்தால் பேச மாட்டான், தேய்ப்பான். எங்கள் ஊர் சிகுல்டாவில், பனிச்சறுக்குப் பாதைக் கொட்டகையிலும் அப்படித்தான். கம்பளிக் கையுறைக்குள் உப்புத்தாளை மடித்து வைத்துக்கொண்டு சறுக்குவண்டியின் எஃகுப் பட்டையைத் தேய்தேய் என்று தேய்ப்பான். மல்லாந்து படுத்து ஓட்டும் இரட்டையர் வண்டியில் அவன் மேலே, நான் கீழே. பாதி ஆயுசாக அவன் முதுகு என் நெஞ்சின் மேல்தான் கிடக்கிறது.

அன்று ஒலிம்பிக்கில் முதல் ஓட்டம் முடிந்து இரண்டாவது இடத்தில் இருந்தோம். மிச்சம் ஒரே ஓட்டம். அதற்குமேல் அவனுக்கு ஓட்டமே கிடையாது. கழுத்தெலும்பு போய்விட்டது, இதோடு நிறுத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் முறை வரும்போது கீழே ஒரு வண்டி கவிழ்ந்தது. பனியைச் செப்பனிடும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். நாசமாய்ப் போன காத்திருப்பு! இவன் கையுறையை எடுத்தான்.

"டேய், தேச்சுத் தேச்சு ஓட்டை போட்டுடாதடா."

"வாய மூடு வில்னிஸ். இங்க ஒரு கீறல் இருக்கு."

"கீறலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

சிரித்தான். கை மட்டும் நிற்கவில்லை.

நடுவர் வெப்பமானியோடு வந்தார். சூடான எஃகு பனியில் கூடுதலாக வழுக்கும் என்பதால் கிளம்பும் முன் எல்லார் பட்டையையும் சோதிப்பார்கள். இது எங்களுக்குத் தெரியாதா? அரிச்சுவடி. அவன் கைக்குத்தான் அன்று தெரியவில்லை. நடுவர் பட்டையில் வைத்தார், அளவைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"சும்மா தேச்சேங்க. நெருப்பு எதுவும் காட்டலைங்க," என்றான்.

"நம்புறேன் தம்பி. ஆனா அளவு மீறிடுச்சே. நீங்க இறங்க முடியாது."

"கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பாருங்களேன். ஆறிடும்ங்க."

"ஒரு தடவைதான் தம்பி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்தேன், கை எழவில்லை. கீழே எல்லைக்கோட்டில் அவன் மனைவி ஸ்கைட்ரிதே கொடியோடு நின்றிருப்பாள். ஒலிபெருக்கி எங்கள் பெயரைச் சொல்லி, நீக்கப்பட்டார்கள் என்றது. அடுத்த வண்டி கிளம்பிப் போனது.

எங்கள் வண்டியை லாரியில் ஏற்றினோம். அவன் கையுறையைக் கழற்றி வெறும் விரலால் பட்டையைத் தொட்டான்.

"வில்னிஸ், தொட்டுப் பாரேன். இப்போ ஜில்லுனு இருக்குடா."

தொட்டேன். உறைந்து கிடந்த எஃகில் விரல் ஒட்டிக்கொண்டது.