ஒட்டாத மூலக்கூறு

கேகாலையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் ஷாமிளா கண்களை மூடியிருந்தாள். மூடினால் நுண்பைகள் மிதந்தன. அக்கா சுகந்தினியின் தாய்ப்பாலிலிருந்து பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவள் பிரித்தெடுத்தவை. செல்கள் ஒன்றுக்கொன்று தூது அனுப்பும், கண்ணுக்கெட்டாத பைகள். அவற்றின் மேற்பரப்பில் ஒரு மூலக்கூறைப் பிணைத்துவிட்டால், குறைமாதக் குழந்தையின் புண்பட்ட குடலைத் தேடிப்போய்ச் சேரும் என்று அவள் நம்பினாள். மூலக்கூறோடு சாயமும் சேர்த்திருந்தாள். பிணைந்தால் நுண்பைகள் பச்சையாக ஒளிரும்.

நேற்று ஒன்றுகூட ஒளிரவில்லை.

காரணம் தெரியும். சோதனைக் குழாய்க்குள் கலவை திரிந்து உறைவதுபோல் தெரிந்ததும், யோசிப்பதற்குள் கை ஒரு துளி அமோனியாவை விட்டிருந்தது. மழை இருட்டும் நாட்களில், மரத்தில் கட்டிய சிரட்டையில் ரப்பர் பால் உறையாமலிருக்க, சிறுவயதில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய் விட்ட அதே துளி. நுண்பையின் புரதத்தில் மூலக்கூறு எதைப் பற்றுமோ, அந்தப் பிடி அமோனியாவிலும் உண்டு. மூலக்கூறுகள் வழியிலேயே அதைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டன. தானும் அப்படி எதையோ பற்றிக்கொண்டுதான் நிற்கிறோமோ என்று தோன்றியது. அந்த எண்ணம் ஏனோ வலிக்கவில்லை.

இதுவரையான முடிவுகள் எல்லாம் அக்காவின் பாலில் வந்தவை. வேறொருத்தியின் பால் என்றால் எல்லாம் முதலிலிருந்து. அக்காவோ ஆடைத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் போகிறாள்.

தோட்டத்து லய வீட்டு வாசலிலேயே மல்லிகை மணத்தது. பால் வற்றுவதற்கு மார்பில் வைத்துக் கட்டும் பூ.

"கட்டிட்டியா அக்கா?"

"நேத்தே கட்டிட்டேன். ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நீ குடுத்த பாலு வீணாப் போச்சு. அமோனியா விட்டுட்டேன்."

சுகந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கெம்பஸ் போயும் ரப்பர் காட்டுக் கை போகலயே! அப்படியே ஆசிட்டும் ஊத்தி உறைய வச்சு ரப்பர் ஷீட் அடிச்சிருக்கலாமே?"

"சிரிக்காத. இன்னும் ஒருவாட்டி குடுப்பியா?"

சிரிப்பு நின்றது. "அனே ஐயோ, நிறுத்துறதே பெரும்பாடு புள்ள. மாரு கட்டி வலிக்குது. அவன் கேட்டு அழுறான். அவுத்தா மறுபடியும் மொதல்லருந்து."

"அப்ப வேணாம்கா." மனதாரத்தான் சொன்னாள்.

சுகந்தினி அவளையே பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பூவை அவிழ்த்தாள். வாடிய இதழ்கள் மடியில் உதிர்ந்தன. அழுத்திப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள். ஒன்றும் வரவில்லை.

தொட்டிலில் பிள்ளை விழித்து அழுதான். அவனைத் தூக்கி ஒரு மார்பில் போட்டாள். அவன் உறிஞ்சத் தொடங்கியதும், யாரும் தொடாத மற்ற மார்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

"வேடிக்கை பாக்குறியே, புடிடி!"

ஷாமிளா பையிலிருந்த குழாயை எடுத்து, முழந்தாளிட்டு ஏந்தினாள். பாலின் சூடு விரல்களுக்கு மெல்ல வந்தது.