நான்காம் சர்வரில் காலியிடம் இல்லை

கதிர்வேலுக்கு அந்த ஆன்லைன் கம்ப்யூட்டர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததே அர்ஷத்தான். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் அத்தாவின் மிளகுக் கடைக்கு மேல்மாடியில் அர்ஷத் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். காரவள்ளி ரோட்டில் குச்சிக்கிழங்குக் காடு வைத்திருந்த கதிர்வேல், வேலை இல்லாத நாட்களில் அங்கே வந்து உட்காருவான். வாள் பிடிக்கிற ஆள் எங்கே நிற்க வேண்டும், காயம் ஆற்றுகிற ஹீலர் ஏன் பின்னால் நிற்க வேண்டும் என்றெல்லாம் அர்ஷத் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

ஆட்டம் ஒன்றுதான் என்றாலும் பல சர்வர்களில் தனித்தனியாக ஓடியது. ஒவ்வொரு சர்வரும் ஒரு தனி ஊர் மாதிரி. ஒரு சர்வர்க்காரன் இன்னொரு சர்வரில் இருப்பவனைப் பார்க்க முடியாது. 2008-ல் கதிர்வேல் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அர்ஷத் ஆடிய முதலாம் சர்வர் நிரம்பிப்போய்ச் சில மாதம் புதியவர்களுக்கு மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் அவன் நான்காம் சர்வரில் சேர்ந்தான்.

ஒரே வருஷத்தில் இருவரும் ஆளுக்கொரு கில்ட்டுக்குத் தலைவர்கள். கில்ட் என்றால் சேர்ந்து சண்டைக்குப் போகும் கூட்டம். பனிநாகம் என்ற ராட்சசப் பாம்பைக் கூட்டமாகப் போய் அடிக்கிற ரெய்டுக்கு இருபத்தைந்து பேர் வேண்டும். அர்ஷத்தின் ‘கொல்லிப்புலி’க்கு ஒருமுறைகூட இருபத்தைந்து பேர் சேரவில்லை. புதிதாக வந்தவர்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுக் காணாமல் போனார்கள். கதிர்வேலின் ‘ஆகாயகங்கை’யிலோ சேர்வதற்கு ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

“இந்த வாரமும் எட்டுப் பேரை உக்காத்தி வெச்சுட்டேன் மாப்ள. பாவம், எடமே இல்ல” என்று கதிர்வேல் டீ குடித்துக்கொண்டே வருத்தப்படுவான். அந்த வருத்தம்தான் அர்ஷத்துக்கு வயிற்றெரிச்சல். அவன் பீற்றிக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

என்னதான் செய்கிறான் என்று பார்த்துவிட, அர்ஷத் வேறு பெயரில் நான்காம் சர்வரில் நுழைந்தான். முதல் நாள் ஓநாய்க் கூட்டத்தில் மாட்டிச் செத்துக் கிடந்தபோது, வழியில் போன யாரோ ஒருவர் நின்று உயிர்ப்பித்துவிட்டு, “அந்தப் பக்கம் போகாதீங்க” என்று எழுதிவிட்டுப் போனார். முதலாம் சர்வராக இருந்தால் செத்தவன்மேல் ஏறி நின்று குதித்திருப்பார்கள். சர்வர் முழுக்கத் தெரியும் பொது சாட்டில் ஒருவன் கெட்ட வார்த்தை போட்டான். உடனே நாலைந்து பேர் “இங்க இது வேண்டாம்” என்றார்கள். அவன் அடங்கிவிட்டான்.

ஞாயிறு மதியம் ஆகாயகங்கை ரெய்டை எட்டி நின்று பார்த்தான். பாதியில் கதிர்வேலின் ஆள் அசையாமல் நின்றது. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கரண்ட் போய்விட்டது. அர்ஷத்தின் சென்டர் மட்டும் யூ.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. “தலைவருக்குக் கரண்ட் போயிருச்சு, வரட்டும்” என்று எழுதிவிட்டு அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து கதை பேசினார்கள். போன மாதம் ஒரு சின்னச் சண்டையின் நடுவில் அர்ஷத்துக்கு நெட் அறுந்தபோது அவனை வெளியே தள்ளிவிட்டு, கிடைத்த வாளையும் ‘இரும்பன்’ எடுத்துக்கொண்டிருந்தான். இரும்பன்தான் கொல்லிப்புலியின் முதல் வீரன்.

அன்றைக்கே அர்ஷத், ஆகாயகங்கையின் ஹீலருக்குத் தனிச் செய்தி அனுப்பினான். அவள் பெயர் ஹேமலதா, நாமக்கல்லில் நர்ஸ். ‘நான் அர்ஷத். முதலாம் சர்வர் கொல்லிப்புலி தலைவர். இங்கே நீங்க பத்தோட பதினொண்ணு. என்னிடம் வந்தால் உதவித் தலைவர் ஆக்குகிறேன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.’

பதில் உடனே வந்தது.

‘உங்க கில்ட்டுல நான் நாலு நாள் இருந்திருக்கேங்க. பொம்பளைக்கு இங்க என்ன வேலைன்னு இரும்பன் ஆரம்பிச்சாரு. அப்புறம் எல்லாருமே எழுதுனாங்க. எழுதக் கூசுற மாதிரி. நீங்க ஒண்ணுமே சொல்லலீங்க. ஒரு சிரிப்பு பொம்மை மட்டும் போட்டீங்க.’

அர்ஷத்துக்கு அந்தச் சிரிப்பு பொம்மை ஞாபகம் வந்தது. இரும்பனைப் பகைத்துக்கொண்டால் ரெய்டு ஒருநாளும் நடக்காதே என்றுதான் போட்டான்.

மறுநாள் காலை கதிர்வேல் மாடியேறி வந்தான்.

“ஹேமலதா சொன்னாங்கடா.”

“சொல்லட்டும். நான் கத்துக்குடுத்த ஆட்டம்டா அது. எனக்கு ஏன்டா ஆள் வரமாட்டேங்குது? உனக்கு மட்டும் எப்படிடா?”

“நான் ஒண்ணும் பண்ணல மாப்ள. நான் போறப்பவே அந்த சர்வரு அப்படித்தான் இருந்துச்சு. புதுசா வர்றவனுக்கு எவனாச்சும் ஒருத்தன் வழி சொல்லுவான். அவன் அங்கயே தங்கிருவான். நான் ஆள் தேடி எங்கயும் போனதில்ல.”

அவன் சொன்னது உண்மை என்பதுதான் அர்ஷத்தை இன்னும் சுட்டது. திறமையென்றால் போட்டி போடலாம். தற்செயலாகக் கிடைத்த நல்ல இடத்தோடு என்ன செய்வது?

“அப்ப நானும் அங்கயே வந்துர்றேன். சேத்துக்கோ.”

கதிர்வேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது.

“நீ வந்தா ஹேமலதா போயிருவாங்கடா” என்றான் மெதுவாக. “என்னால அது முடியாது.”

ஒரு வாரம் அர்ஷத் அவனுடன் பேசவில்லை. அவன் பைக் கீழே நின்றால் கதவைச் சாத்திக்கொண்டான். எட்டாம் நாள் இரும்பனைக் கில்ட்டை விட்டு நீக்கினான். நல்லெண்ணத்தால் மட்டும் அதைச் செய்யவில்லை. கதிர்வேல் காதுக்கு எட்டட்டும் என்றும்தான். இரும்பனோடு பாதிப் பேர் போய்விட்டார்கள். பனிநாகத்தைப் பற்றி நினைக்கவே முடியாத நிலை. புதிதாக வந்தவர்களும், பொது சாட்டில் ஓடிய வசவைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்கள். ஒரு கில்ட் வாயைக் கழுவிக்கொண்டால் ஊர் முழுக்கச் சுத்தமாகிவிடுமா?

பிறகு ஒருநாள் புதிதாக வந்த ஒருவன் நேராகக் கேட்டான்: ‘இந்த சர்வர்ல ஆளுங்க எப்படி?’

வழக்கமாக அடித்துவிடும் பெருமைகளை எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு அர்ஷத் எழுதினான்: ‘ரொம்ப மோசம். எங்க கில்ட்டுல மட்டும் யாரையும் திட்ட விடமாட்டேன். ஆனா ரெய்டு இப்போதைக்குக் கிடையாது.’

கேட்டவன் சேர்ந்தான். அடுத்த வாரம் தன் தங்கையையும் கூட்டி வந்தான்.

தை மாதம் ஆகாயகங்கை முதன்முறையாகப் பனிநாகத்தை வீழ்த்தியது. கதிர்வேல் கால் கிலோ மைசூர்பாகுடன் வந்து நின்றான்.

“சந்தோஷம்டா” என்று அர்ஷத் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். நெய் மணத்தது. “எடம் கெடைக்காம வெளிய எத்தனை பேரு காத்துக்கிட்டிருந்தாங்க?”

“அதை விடு மாப்ள.”

“சொல்லுடா.”

“பத்துப் பேருக்கு மேல இருக்கும்.”

அர்ஷத் தலையாட்டினான். டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டான்.